முதலில் தட்டிய கை

உறங்குகிறானா, உறங்குகிற மாதிரிக் கிடக்கிறானா, தெரியவில்லை. அறைக் கதவு முக்கால்வாசி சாத்தியிருக்கிறது. மிச்ச இடைவெளியில் என் மகனுடைய வலது கால் மட்டும் தெரிகிறது, கணுக்காலில் பேண்டேஜ் சுற்றின கால், அசையாமல் கிடக்கிறது. உறங்கினால் அது அசையும். பெர்க்மான்ஸ் சின்னப் பிள்ளையில் உறக்கத்திலேயே பந்து தட்டுவான், பக்கத்தில் கிடக்கிற தங்கச்சிக்காரி விலாவில் வாங்கிக்கொண்டு எழும்பி அழுவாள். அப்படியென்றால் விழித்துத்தான் கிடக்கிறான். விழித்துக் கிடந்தால் கிரவுண்டு மைக் அவனுக்கும் கேட்கும். "அன்பார்ந்த கால்பந்து ரசிகப் பெருமக்களே, இதோ இன்னும் சற்று நேரத்தில், நமது பங்குத் திருவிழாக் கோப்பையின் மாபெரும் இறுதிப் போட்டி, வெள்ளமணல்துறை அணியை எதிர்த்து நமது மண்ணின் மைந்தர்கள், விடிவெள்ளி கிளப்..." மைந்தர்களில் ஒருவன் இங்கே சுவரைப் பார்த்துக் கிடக்கிறான். நான் அடுக்களைத் தரையில் கால் நீட்டி இருந்து நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சமையல் எல்லாம் முடித்து அடுப்பைத் துடைத்த பிறகு யாராவது நெத்திலி வாங்குவார்களா, சைக்கிள்காரன் கூவினான், கூப்பிட்டு வாங்கினேன். கையில் ஒரு வேலை இருந்தால் வீட்டில் இருந்துவிடலாம் என்று தோன்றியது. கை இங்கே இருக்கிறது. காது அங்கே போய் முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டது. மகன் சோறு தின்னாமல் கிடக்கிறான், எனக்கோ அந்த ரெஜின் பயல் காலையில் என்ன சாப்பிட்டானோ, வயிற்றை நிரப்பிக்கொண்டு இறங்கிவிடக்கூடாதே என்று நினைப்பு. மாதாவே, இது என்ன மனசு.

ரெஜினைத்தான் பெர்க்மான்சுக்குப் பதிலாகப் போட்டிருக்கிறார்கள். நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்கிற இடம் அது. பின்னாலிருந்து எடுக்கிற பந்தெல்லாம் அவனிடம்தான் வரும், அவன் யாரைப் பார்த்துக் கொடுக்கிறானோ அந்தப் பக்கம்தான் ஆட்டம் போகும், அவன் தடுமாறினால் ஊரே தடுமாறும். மீசை முளைத்த நாளிலிருந்து என் மகன் அந்த இடத்தில் நிற்கிறான். அந்த நாளிலிருந்து கப்பு நம்ம ஊருக்கு வரவும் இல்லை. இதை நான் சொல்லவில்லை, கடற்கரையில் வலை பிரிக்கிறவர்கள் சொல்வதைக் காது கேட்டிருக்கிறது, நான் கேட்காத மாதிரித் தண்ணீர்க் குடத்தைச் சரிசெய்துகொண்டு நடந்திருக்கிறேன். பிள்ளைகளின் அப்பாவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. "எனக்க மவன்தான், அதுக்கு? காலு போவல்லன்னா வெளிய எறங்கணும். எனக்க காலத்துல நான் எறங்கல்லியா?" என்று பெர்க்மான்ஸ் முன்னாலேயே சொல்லிவிட்டு, காலையில் பூசை முடிந்த கையோடு கொடி கட்டப் போனவர், சோற்றுக்குக்கூட வரவில்லை. ஆணுக்கு அது எளிது. நான் இத்தனை வருசம் சாயங்காலம் சாயங்காலம் குருசடியில் மெழுகுதிரி கொளுத்தி ஒரே மூச்சில் கேட்டிருக்கிறேன், கப்பு வரணும், என் மகன் நல்லா ஆடணும். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். ஒரு கயிற்றின் இரண்டு புரி மாதிரி. போன ஞாயிறு செமிஃபைனலில் அதை யாரோ பிடித்து முறுக்கவிழ்த்துவிட்டார்கள், எந்தப் புரியைப் பிடிக்கிறாய் என்று ஒரு நிமிசம் கேட்டார்கள், நான் யோசிக்குமுன்னே கை பிடித்துவிட்டது. நான் பிடித்தது மகனை இல்லை.

பார்த்தானா, பார்க்கவில்லையா. பார்த்திருக்க மாட்டான். முகத்தைத் துவர்த்துத் துண்டில் துடைத்துக்கொண்டுதானே வெளியே வந்தான், பெஞ்சு கேலரிக்கு முதுகு காட்டித்தானே போட்டிருக்கிறது. ஹாஃப் டைம் முடிந்து கொஞ்ச நேரம், ஒரு கோல் நமக்குக் குறைவு, பெர்க்மான்ஸ் கொடுக்கிற பந்தெல்லாம் ஒரு அடி பின்னாலேயே விழுகிறது, எனக்கே தெரிந்தது, கட்டிலில் ஏறிப் படுக்கும்போது கையை ஊன்றுகிறானே, அந்த முதுகு, அந்தக் கணுக்கால், ஆழ்கடலில் தங்கிக் கிடந்துவிட்டு வந்து நேரே கிரவுண்டுக்குப் போகிற உடம்பு. கேலரியில் பக்கத்தில் செலின் இருந்தாள், ரெஜினின் அம்மா, சந்தையில் மீன் விற்கிறவள், எனக்கு எப்போதும் இடம் பிடித்து வைப்பவள். கோச் சார் பலகையைத் தூக்கினார். சிவப்பில் என் மகன் நம்பர். பச்சையில் அவள் மகன் நம்பர். பெண்கள் பக்கம் முழுக்க என் முகத்தைப் பார்த்தார்கள். சாவு விழுந்த துட்டி வீட்டில் இருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன், அப்படித்தானே வைத்துக்கொள்ள வேண்டும். செலின் என் கையைப் பிடித்து, "எக்கா, ஒண்ணும் நெனைக்காதிய, எனக்கு ஒண்ணும் தெரியாதாக்கும்" என்றாள், தலையைக் குனிந்துகொண்டாள், பெற்ற பிள்ளை உள்ளே இறங்குகிறதை அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவன் காலில் முதல் பந்து வந்தது. நிறுத்தக்கூட இல்லை. ஒரு தட்டு, பந்து எல்லார் தலைக்கும் மேலே எழும்பி, இடது ஓரத்தில் ஓடுகிறவன் காலடியில் போய், உறங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி இறங்கியது. எனக்குள் என்னமோ திறந்தது. எத்தனை வருசமாய்ப் பூட்டிக் கிடந்த ஜன்னல், துருப்பிடித்த கொக்கி, டப்பென்று. கோல். மைக்காரன் தொண்டை கிழியக் கத்துகிறான். அதற்குப் பிறகு இன்னொன்று. செலின் அப்போதும் தலை குனிந்து இருக்கிறாள், என்னை நோகடிக்கக்கூடாதே என்று தன் மகன் போட்டுக்கொடுத்த கோலுக்குக் கை தட்டாமல் மடியில் கையைப் பூட்டி வைத்திருக்கிறாள், நான் எழும்பி நிற்கிறேன், பலகை மேல் நின்று துள்ளுகிறேன், அந்தக் கேலரியிலேயே முதலில் தட்டிய கை என் கை. கீழே பெஞ்சில் என் மகனுடைய முதுகு. முதுகுதான் தெரிந்தது. முகம் திரும்பினதா என்று நான் பார்க்கவில்லை. பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் இப்போது என்னைக் கொல்கிறது.

அன்றைக்கு ராத்திரியே மகள் பிரின்சி மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் ட்யூட்டிக்கு நடுவில் கூப்பிடுகிறவள், எப்போதும் அவசரம். "எம்மா, நீ யூடியூப்ல வந்துட்ட! பயலுவ லைவ் போட்டானுவ இல்லியா, கோல் அடிச்ச உடனே கேமராவ கேலரிக்கு திருப்புனான், பாத்தா நீ! இங்க மலையாளத்துக்காரி ஒருத்தி கேக்கா, ஆரு இந்த அம்மச்சின்னு." சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, "அண்ணன் பாத்திருப்பானா?" என்று கேட்டேன். "அண்ணன் எதுக்கு அதப் போயி பாப்பான்? விடும்மா." விடும்மா என்றால் அவளுக்கும் அது உறைத்துவிட்டது. வாரம் முழுக்க அவன் போனை எடுத்தால் எனக்கு உயிர் போய்விட்டு வந்தது. திரையில் பச்சை தெரிந்தால் கிரவுண்டு, நீலம் தெரிந்தால் கடல், சமாதானம். அவன் பெண்டாட்டி பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், அவளிடம் பேசும்போது குரலைத் தாழ்த்துகிறான், என்னைப்பற்றித்தான் சொல்கிறானோ. என்னிடம் கோபமில்லை. குழம்பு கேட்கிறான், சட்டை எங்கே என்கிறான். கோபப்பட்டால் நன்றாயிருக்கும். "நீயெல்லாம் ஒரு தாயா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் நான் அழுதுவிட்டு எழும்பிவிடுவேன்.

ஊர் என்னை எழும்ப விடவில்லை, தூக்கி மேலே வைத்துவிட்டது. திங்கட்கிழமை குழாயடியில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "புஷ்பக்கா, உங்களுக்கு என்ன பெரிய மனசு! சொந்தப் பிள்ளைய வெளிய எடுத்தும் அடுத்தவ பிள்ளைக்கு எழும்பி நின்னு தட்டுனியளே, எனக்கெல்லாம் வராதம்மா" என்றாள். நான் இல்லையென்று சொல்ல வாய் எடுத்தேன். இல்லையென்றால் வேறென்ன என்று சொல்வது, சந்தோசம் தாங்காமல் துள்ளினேன் என்றா. சும்மா நின்றேன். சும்மா நின்றது பணிவாகிவிட்டது. செவ்வாய், புதன், அது நடந்து நடந்து அன்பியச் செபக் கூட்டத்துக்கு வந்து, பாதர் காதுக்கும் போய்விட்டது. நேற்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன், அதைச் சொல்லத்தான் போனேன், வரிசையில் நின்று வார்த்தை கூட்டிப் பார்த்தேன். சாமி, நான் சந்தோசப்பட்டேன். இதை ஒரு பாவமென்று எப்படிச் சொல்வது, எந்தக் கட்டளையில் வரும். முட்டுக்குத்தின உடனே வாயில் வந்தது எப்போதும் சொல்கிறதுதான், கோபப்பட்டேன், அடுத்தவர் கதை பேசினேன், செபமாலையில் பராக்காய் இருந்தேன். அவர் எப்போதும் தருகிற செபத்தையே தந்து அனுப்பினார். இன்று காலையில் பூசையில் பிரசங்கம். "நம் பங்கிலேயே ஒரு தாய் இருக்கிறார், தன் மகன் தாழ்த்தப்பட்ட நேரத்தில் பிறர் மகன் உயர்வதைக் கண்டு முதலில் கைதட்டிய தாய், சிலுவையடியில் நின்ற அன்னையைப்போல..." பெயர் சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இல்லை, கோயிலே கழுத்தைத் திருப்பியது. செலின் கண்ணைத் துடைக்கிறாள். ஆண்கள் பக்கம் தூணோரம் பெர்க்மான்ஸ். அவன் கழுத்தைத் திருப்பவில்லை, பீடத்தைப் பார்த்தபடியே நின்றான், காதுமடல் மட்டும் சிவந்தது, அவனுக்குச் சின்ன வயசிலேயே அப்படி, பொய் கேட்டால் காது சிவக்கும். சிலுவையடியில் நின்றவளோடு என்னைச் சேர்த்துவிட்டார்கள். தாயே, உன் மகனை ஆணியடித்துத் தூக்கினபோது நீ நின்று அழுதாய். என் மகனை வெளியே எடுத்தபோது நான் நின்று துள்ளினேன். சற்பிரசாதம் வாங்க வரிசையில் போய்விட்டுப் பாதியில் திரும்பி வந்துவிட்டேன், அதையும் தாழ்ச்சி என்றுதான் நினைத்திருப்பார்கள்.

வாசலில் செலின் குரல். "எக்கா, வரல்லியா? எல்லாரும் போயாச்சு." புதுச் சேலை கட்டியிருக்கிறாள், முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாய் நிற்கிறது. "தலை வலிக்கு செலின், நீ போ." அவள் உள்ளே எட்டிப் பார்த்து, கதவிடுக்கில் அந்தக் காலைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "அவன் போவல்லியா? கோச் சார் ரண்டு தடவ ஆள் விட்டாராமே." "கணுக்கால் வீங்கியிருக்காம்." வீங்கவில்லை. அவளுக்கும் தெரியும். "நீங்க வரல்லன்னா நான் எப்பிடிக்கா அங்க போயி இருப்பேன்? அன்னைக்கு நீங்க எழும்புனதுக்குப் பொறவுதான் எனக்குக் கைதட்ட தெம்பு வந்துது. எனக்க பிள்ளைய நான் பாக்கதுக்கு நீங்கதான் சம்மதம் தந்தது." அவள் அப்படிச் சொல்லச் சொல்ல எனக்குத் தரை பிளந்தால் நன்றாயிருக்கும் போல இருந்தது. "அவன் வலது பக்கமும் பாத்து ஆடணும்ணு சொல்லு" என்றேன். எங்கிருந்து வந்தது இந்த வார்த்தை, கதவு இடைவெளி விட்டுக் கிடக்கிறதே, அவனுக்குக் கேட்டிருக்குமே. "எப்பவும் எடது பக்கமே குடுக்கான், வெள்ளமணல்காரனுவ அத கண்டுபிடிச்சா அடைச்சிருவானுவ." மெல்லத்தான் சொன்னேன். செலின் பெரிய உபதேசம் கிடைத்த மாதிரித் தலையாட்டிவிட்டு ஓடினாள்.

திரும்ப நெத்திலி. ஈ மொய்க்கிறது. அருள்நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே, அவன் வலது பக்கம் பார்ப்பானா. இல்லை, செபம். அருள்நிறைந்த மரியே. கப்பு வந்தால் மினிலாரியில் ஏற்றி ஊர் சுற்றிக் கொண்டுவருவார்கள், செண்டை அடித்துக்கொண்டு, இந்த வாசல் வழியாகத்தான் வரும், வேறு வழி இல்லை. ரெஜினைத் தோளில் வைத்திருப்பார்கள். உள்ளே இவன். கப்பு வந்துவிட்டால், இத்தனை வருசம் வராமல் போனது இவனால்தான் என்று ஆகிவிடும், யாரும் சொல்லவேண்டாம், கப்பே சொல்லும். பிறக்கப்போகிற பிள்ளை வளர்ந்து அந்தக் கப்பைப் பார்த்து, அப்பா இதில் நீ ஆடினியா என்று கேட்கும். அப்படியென்றால் தோற்கட்டும் என்று நினைக்கவேண்டியதுதானே. தாய்தானே நீ. இன்றைக்குத் தோற்றால் அடுத்த வருசம் பெர்க்மான்சைத் திரும்பக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள். நினைத்துப் பார்க்கிறேன், தோற்கட்டும், தோற்கட்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன், பல்லில் கல் கடித்த மாதிரி இருக்கிறது. அது எனக்கு வேண்டியதாக இல்லை. எனக்கு வேண்டியது அந்தப் பாஸ். அது இன்னொரு தடவை எழும்பி இறங்குவதைப் பார்க்கவேண்டும். என் மகன் நெஞ்சு உடைந்து கிடக்கிற இந்த நேரத்தில் என் நெஞ்சு, பெருநாள் காலையில் சின்னப் பிள்ளைக்கு அடிக்கிற மாதிரி அடிக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், எனக்குத் தெரிந்தது சமையலும் செபமும் பந்தும்தான், பந்தை எனக்கு என் அப்பா தோளில் வைத்துக் காட்டினார், அது மகன் பிறக்குமுன்னே பிறந்த ஆசை, அதனால் மூத்தது என்று சொல்லலாமா. சொல்லக்கூடாது. எந்த ஆசையும் பிள்ளைக்கு மூத்ததாக இருக்கக்கூடாது.

கால் இல்லை. கதவிடுக்கில் கால் இல்லை. பார்க்குமுன்னே அவன் அடுக்களை வாசலில் நிற்கிறான், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு. "சோறு இருக்கா?" எழும்பிப் போட்டுக் கொடுத்தேன், மரச்சீனிக் கிழங்கும் அயிலை மீன் கறியும். தரையில் என் எதிரில் இருந்து தின்கிறான், பசித்தவன் தின்கிற மாதிரி. மைக்கில் டீம் பெயர்களை வாசிக்கிறார்கள். ரெஜின் என்று சொன்னதும் கூட்டம் இரைகிறது, அலை வந்து விழுகிற மாதிரி. நான் மீனைப் பார்க்கிறேன்.

"பாதர் பிரசங்கம் நல்லாயிருந்துதுல்லா?" என்றான்.

"ம்."

"பெரிய மனசுள்ள தாய்." முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைக்கிறான். "பெரிய மனசுக்காரி எவளாவது செருப்பு பறக்கத் துள்ளுவாளாம்மா?"

அன்றைக்கு என் ஒற்றைச் செருப்பு பலகை இடுக்கு வழியாகக் கேலரிக்கு அடியில் விழுந்துவிட்டது. சேலையை இறக்கிவிட்டு மறைத்துக்கொண்டு நடந்து வந்தேன். மறுநாள் விடிந்து பார்த்தால் வாசலில் இரண்டும் சோடியாய் இருந்தது. செலின் கொண்டுவந்து போட்டிருப்பாள் என்று நினைத்தேன், அவளிடம் கேட்கக் கூச்சம், கேட்கவில்லை.

"நீயா எடுத்தது?"

"பின்ன ஆரு? எல்லாரும் ரெஜினத் தூக்கிட்டுப் போயிட்டானுவ. எனக்கு அங்க வேற என்ன சோலி? அடியில பூந்து தேடுனேன். கேலரிக்கு முட்டுக் குடுத்த பாக்குமரத் தடியில தலை இடிச்சுது." சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டது.

"மக்களே, நான்..."

"சொல்லாண்டாம்." தண்ணீர் குடித்தான். குடித்துவிட்டுத் தம்ளரைக் கையிலேயே வைத்து உருட்டுகிறான். "எனக்க ஆட்டத்துக்கு நீ அப்பிடித் துள்ளி நான் பாத்ததே இல்ல. ஒரு தடவகூட. நான் ஆடும்போ எல்லாம் நீ கண்ண மூடி செபம் சொல்லுவ. திரும்பிப் பாத்தா உனக்க ஒதடு அசையும். இவ்வளவு நாளா எனக்காக்கும் வேண்டுகான்னு நெனைச்சேன். நான் பந்த விட்டுருவேனோன்னு பயந்து வேண்டியிருக்க, இல்லியா?"

இல்லை என்று சொல்லவேண்டும். சொல்வது ஒரு சொல்தான். அவன் காதையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"அதுதான் கெடந்து யோசிச்சேன்" என்றான். குரலில் கோபம் இல்லை, கடலில் வலையை இழுத்து மீன் இல்லையென்று சொல்கிற குரல். எழும்பித் தட்டைக் கழுவினான், தின்ற தட்டைக் கழுவ அவனை நான் விட்டதே கிடையாது, இன்று விட்டேன். "நீ போ. வலது பக்கம் பாத்து ஆடுகானான்னு பாரு. நீ சொன்னது சரியாக்கும்."

"நீயும் வா மக்களே. சட்டைய மாத்து, ரண்டுபேருமா போவோம்."

"இன்னைக்கு என்னால முடியாது. ஜெயிச்சா வெடி போடுவானுவ, எனக்குக் கேக்கும். நீ இங்க இருந்தா நான் உறங்குன மாதிரி நடிச்சுட்டுக் கெடக்கணும், வயசாவுது, நடிப்பெல்லாம் முடியல்ல. போம்மா."

போகமாட்டேன், உன்னைவிடவா எனக்கு அது பெரிசு என்று சொல்லத்தான் எழும்பினேன். கையைக் கழுவினேன், சேலைத் தலைப்பில் துடைத்தேன், அவன் முகத்தைப் பார்த்தேன். அப்போது ரெஃப்ரி விசில் ஊதினான். என் உடம்பு திரும்பிவிட்டது. நான் திருப்பவில்லை, அதுவாகத் திரும்பியது, அவன் கண்முன்னாலேயே. வாசல்படி, முற்றத்து மணல், தென்னைக்கு அந்தப் பக்கம் கோயில் தெரு, தெருவில் ஒரு ஆளும் இல்லை, எல்லாரும் அங்கே. கூட்டம் ஒருதடவை ஓவென்று எழும்பி அடங்குகிறது, நமக்கா அவர்களுக்கா தெரியவில்லை. நடக்கவேண்டும், வயசான பொம்பளை மாதிரி நடக்கவேண்டும், இந்த மூலை திரும்புகிறவரைக்குமாவது நடக்கவேண்டும், பின்னால் அவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான், எனக்குத் தெரியும். கப்பு வரட்டும் மாதாவே, என் மகன் வீட்டில் இருக்கிறான், கப்பு வரட்டும். அவன் பார்க்கிறான் என்று தெரிந்துதான் ஓடுகிறேன்.